நாக்கோரத்தில் 24 மில்லிமீட்டர் புண்: அறுவையா, கரண்டா?

நோயாளி 54 வயது ஆண். இருபது வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் உண்டு. வலது நாக்கோரத்தின் நடுப்பகுதியில் நான்கு மாதமாக ஆறாத புண். காரம் பட்டால் எரிகிறது, மற்றபடி பெரிய வலி இல்லை. எதிரே இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்து கூராக இருந்ததால், "பல்லு குத்துது" என்று முதல் இரண்டு மாதம் மருந்துக்கடைக் களிம்பிலேயே போயிற்று. பிறகு பல் மருத்துவர் அந்த முனையைத் தேய்த்து மழுக்கினார். மூன்று வாரம் கழித்தும் புண் அப்படியே இருந்ததால் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவர் செய்தது சரி. பல் குத்தியதால் வந்த புண் என்றால், குத்துவதை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும்.

இது ஒரு தனி மனிதரின் கோப்பு அல்ல. புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எதிர்ப்படும் விவரங்களைச் சேர்த்து, நாக்குப் புற்றுக்கு முதலில் அறுவையா, கரண்ட் எனப்படும் கதிர்வீச்சா என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் காட்ட அமைத்த மாதிரி நோயாளி. ஆய்வு முடிவுகளாகச் சொல்லப்படும் எண்கள் மட்டும் வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்தவை.

பரிசோதனை

புண்ணின் அளவு 24 × 15 மி.மீ. ஓரம் தடித்து மேடாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவைவிட விரலுக்குத் தட்டுப்படும் அளவுதான் முக்கியம். கையுறை போட்ட ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வைத்து நாக்கைப் பிடித்து உருட்டினால், புண்ணைத் தாண்டி உள்தசையில் கல் போன்ற ஒரு கெட்டித்தன்மை தெரியும். புற்றின் உண்மையான எல்லை அதுதான். இவருக்கு அது நடுக்கோட்டைத் தொடவில்லை. நாக்கை எல்லாப் பக்கமும் நீட்ட முடிகிறது. வாய் திறப்பு, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே அளந்தால் 38 மி.மீ. பாக்குப் போடுகிறவர்களிடம் இந்த அளவைக் குறித்துவைக்காமல் விடக்கூடாது. பாக்கினால் கன்னம் இறுகிப் போனவர்களுக்கு மயக்க மருந்து தருவதிலிருந்து கதிர்வீச்சு வரை ஒவ்வொரு கட்டமும் சிக்கலாகும். கழுத்தில் கைக்கு எட்டியவரை நெறி (நிணநீர்க் கணு) எதுவும் கட்டியிருக்கவில்லை.

சதையைப் புண்ணின் ஓரத்திலிருந்து, நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்து வரும்படி ஆழமாக எடுக்க வேண்டும். நடுவிலிருந்து எடுத்தால் அழுகிய திசுதான் வரும், "புற்று இல்லை" என்று தவறான அறிக்கையும் வரும். இன்னொரு தவறு இதைவிட மோசமானது. புண் சின்னதாக இருக்கிறதே என்று பரிசோதனைக்காகவே முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுவது. விளிம்பில் மிச்சம் இருக்கும், மேலே தோல் மூடிவிடும். அடுத்து வரும் அறுவை மருத்துவருக்கு எங்கே வெட்டுவது என்ற அடையாளமே இருக்காது.

அறிக்கை: செதிள்செல் புற்று (வாயின் மேல்தோல் செல்களில் தொடங்குவது), செல்களின் உருமாற்றத்தில் நடுத்தர வகை. எம்.ஆர்.ஐ.யில் ஆழம் 7 மி.மீ., தாடை எலும்பு பாதிக்கப்படவில்லை, கழுத்தில் சந்தேகப்படும்படியான நெறி இல்லை. நெஞ்சு ஸ்கேன் சுத்தம். 2018 முதல் நடைமுறையில் உள்ள புற்றுநோய் நிலைப்பாகுபாட்டின் எட்டாம் பதிப்பில் மேற்பரப்பு அளவோடு ஊடுருவிய ஆழமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. 2 செ.மீ.க்குள் இருந்து ஆழம் 5 மி.மீ.க்குள் நின்றால் டி1 (டி என்பது கட்டியின் அளவு). இவருடையது 2 செ.மீ.யைத் தாண்டி 4 செ.மீ.க்குள், ஆழம் 10 மி.மீ.க்குள் இருப்பதால் டி2. கழுத்து சுத்தம் என்பதால் என்0 (என் என்பது நெறி). மொத்தத்தில் இரண்டாம் நிலை.

குடும்பத்தின் கேள்வி

மகன் கேட்டது: "கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர். கரண்ட் வெச்சே முடிச்சிட முடியாதா?"

தமிழ்நாட்டில் கதிர்வீச்சுக்கு ஊர்ப்பெயர் கரண்ட். கேள்வி நியாயமானது, தட்டிக் கழிக்கக்கூடாது. கத்தி பட்டதும் பரவியதாகச் சொல்லப்படும் நோயாளிகளில் பெரும்பாலும் நடந்தது, விளிம்பு விடாமல் குறைவாக வெட்டியதும், கழுத்தைத் தொடாமல் விட்டதும்தான். விட்டுவைத்த மிச்சம் சில மாதத்தில் வளர்ந்து மேலே வரும்போது பழி கத்தியின் மேல் விழுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. குரல்வளையில் ஆரம்பநிலைப் புற்று என்றால் கதிர்வீச்சு அறுவைக்குச் சமமாக நிற்கும், குரலும் பெரும்பாலும் தப்பும். அந்த வெற்றியைப் பார்த்தவர்கள் வாய்க்கும் அதையே எதிர்பார்க்கிறார்கள். வாயில் கணக்கு மாறுகிறது. நாக்கு சிகிச்சை நேரத்திலும் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒட்டினாற்போல் தாடை எலும்பு இருக்கிறது. புற்றைக் கொல்லப் போதுமான அளவு கதிர் கொடுத்தால் எலும்பும் பற்களும் வாழ்நாள் முழுக்க விலை கொடுக்கின்றன. அறுவைக்கோ, புற்று வாயில் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ஆரம்பநிலை வாய்ப்புற்றில் அறுவையையும் கதிரையும் நேருக்கு நேர் நிறுத்தி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு கிடையாது. இருப்பவை மறைமுகச் சான்றுகள். பிரிட்டனில் அறுவையோடு கதிர் ஒரு பக்கம், கதிர் மட்டும் மறுபக்கம் என்று வைத்துத் தொடங்கிய ஓர் ஆய்வு, 35 பேர் சேர்ந்ததுமே நிறுத்தப்பட்டது. அறுவைப் பக்கம் உயிர்பிழைத்தவர்கள் அவ்வளவு தெளிவாகக் கூடுதல். முடிவு 1998-இல் வெளியானது. அதில் முற்றிய கட்டிகளும் இருந்தன, எண்ணிக்கையும் சிறியது. சிங்கப்பூரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு முழுக்க முற்றிய நிலையினரைப் பற்றியது. அதில் வாய்ப்புற்று நோயாளிகளை மட்டும் தனியே பார்த்தபோது, ஐந்து வருடத்தில் புற்றால் சாகாமல் இருந்தவர்கள் அறுவைப் பக்கம் 68 சதவீதம், கீமோவோடு கதிர் பெற்ற பக்கம் 12 சதவீதம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் முதல் இரண்டு நிலைகளிலிருந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2018-இல் வந்த ஆய்வில், கதிரை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களின் இறப்பு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கதிருக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்கள். கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் அந்தச் சாய்வு முழுதாகப் போகாது. ஆனாலும் எல்லாச் சான்றும் ஒரே திசையைக் காட்டுவதால் அறுவைதான் முதல் தேர்வு என்பதில் தயக்கமில்லை.

கழுத்து விஷயத்தில் மட்டும் சான்று மிக வலுவானது, அது மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. நாக்கு, கன்னம் போன்ற இடங்களில் டி1, டி2 புற்று, கையால் தொட்டால் நெறி இல்லை. இப்படிப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு வாய் அறுவையோடு கழுத்து நெறிகளையும் அப்போதே எடுத்தார்கள். மற்றவர்களுக்கு நெறி கட்டிய பிறகு எடுத்தார்கள். 500 பேரை வைத்து 2015-இல் வெளியான முடிவில், மூன்று வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் முன்கூட்டியே எடுத்த பிரிவில் 80 சதவீதம், காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம். எட்டுப் பேருக்கு முன்கூட்டியே எடுத்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது. உலகம் பல பத்தாண்டுகள் வாதாடிய கேள்விக்கு நம் நாட்டு நோயாளிகளின் உடலிலிருந்தே விடை வந்தது பெருமைக்குரியது. அந்த விடை தெரிந்த பிறகும் "நெறி இல்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்று டி2 நாக்குப் புற்றில் கழுத்தை விடுவதை ஏற்க முடியாது. காவல் நெறியை, அதாவது புற்று முதலில் போய்ச் சேரும் நெறியை, மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இதற்கு மாற்றாக வளர்ந்திருக்கிறது. அதற்கான கதிரியக்க மருந்தும் கருவியும் பழகிய கைகளும் உள்ள இடங்களில் அது சரிவரும்.

அறுவை: எப்படி, எங்கே பிசகும்

மூக்கு வழியாகக் குழாய் விட்டு மயக்கம் தருவார்கள், வாய் முழுதும் வேலைக்குக் கிடைக்கும். தொண்டையில் துணித்திரி வைத்து அடைப்பார்கள். அது கடைசியில் எண்ணி எடுக்கப்பட வேண்டிய பொருள், பலகையில் எழுதிவைப்பது வழக்கம். நாக்கு நுனியில் நூல் போட்டு வெளியே இழுத்துப் பிடித்து, கெட்டித்தன்மையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 1 செ.மீ. தள்ளிக் கோடு போடுவார்கள். ஏன் அவ்வளவு? வெட்டியதும் தசை சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் 5 மி.மீ. நல்ல சதை தெரிந்தால்தான் விளிம்பு சுத்தம் என்று பெயர். அந்த 5 கிடைக்க மேசையில் 10 வேண்டும்.

பிசகுவது பெரும்பாலும் அடிப்பக்கத்தில். மேற்பரப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும். அடிப்பக்கத்தில் தசை நார்கள் ஒன்றுபோல் இருக்கும், கத்தி தன்னையறியாமல் மேல்நோக்கிச் சாய்ந்து கட்டியை நெருங்கிவிடும். அதனால் ஒரு விரல் கட்டியின் மேலேயே இருக்க, அந்த விரல் சொல்லும் தூரத்தை வைத்துத்தான் வெட்டிக்கொண்டு போக வேண்டும். எடுத்த துண்டில் முன்பக்கம் ஒரு நூல், நடுக்கோட்டுப் பக்கம் இரண்டு நூல் என்று அடையாளம் போட்டு நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அடையாளம் இல்லாத துண்டில் "ஒரு விளிம்பில் புற்று இருக்கிறது" என்று அறிக்கை வந்தால், எந்த விளிம்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

நாக்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகப் போனால் நேராகத் தைத்துவிடலாம். இவருக்கு அப்படித்தான். கூடுதலாகப் போனால் முன்கையிலிருந்து தோலும் ரத்தக்குழாயும் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், அறுவை நேரம் பல மணி கூடும்.

கழுத்து நெறிகளை மேலிருந்து கீழாக லெவல் என்று எண் போட்டுப் பிரிப்பார்கள். அதே பக்கம் லெவல் 1 முதல் 3 வரை, நாக்குப் புற்று என்பதால் பல மையங்களில் 4 வரை எடுப்பார்கள். கீறல் தாடைக்கு இரண்டு விரல்கடை கீழே. அதற்கு மேலே போனால் கீழுதட்டை இறக்கும் நரம்பு அடிபட்டு வாய் கோணும். தோளைத் தூக்கும் நரம்பைக் கண்டுபிடித்துக் காப்பாற்றியே ஆக வேண்டும். வெட்டாவிட்டாலும், லெவல் 2பி-யைச் சுத்தம் செய்யும்போது அதிகம் இழுத்துப் பிடித்தால் சில மாதம் தோள் தொங்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்ட முடியாமல் போகும். வீடு திரும்பிய வாரமே தோள் பயிற்சி தொடங்க வேண்டியது இதற்காக. குறைந்தது 18 நெறிகளாவது எண்ணிக்கையில் வரவில்லையென்றால் கழுத்து முழுமையாக எடுக்கப்பட்டதா என்ற சந்தேகம் எழும்.

முதல் 24 மணி நேரத்தில் பயப்பட வேண்டியது ரத்தக் கட்டு. கழுத்து திடீரென வீங்கி இறுகினால், மூச்சுக்குழாய் அமுங்குமுன் வார்டிலேயே தையலைத் திறக்க வேண்டும். தியேட்டர் தயாராகட்டும் என்று காத்திருக்கக்கூடாது. வடிகுழாயில் ஒரு நாளைக்கு 25–30 மி.லி.க்குக் கீழே இறங்கியதும் குழாயை எடுக்கலாம். மூக்கு வழி உணவுக்குழாய் சுமார் ஒரு வாரம். பேச்சு முதலில் குழறும். ற, ர, ழ, ள சரியாக வரப் பேச்சுப் பயிற்சி தேவை, இந்த அளவு நாக்கு போனவர்கள் பெரும்பாலும் புரியும்படி பேசிவிடுகிறார்கள்.

கதிர்வீச்சை முதலில் வைத்திருந்தால்

இதில் இரண்டு வழிகள். ஒன்று, உள்வைப்புக் கதிர்வீச்சு. மயக்க மருந்து கொடுத்து, நாக்குக்குள்ளேயே மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைச் சுமார் 1 செ.மீ. இடைவெளியில் இணையாகச் செலுத்தி, இரிடியம்-192 என்னும் கதிரியக்க மூலத்தை அவற்றுக்குள் ஓட்டுவது. ஜப்பானின் ஒசாகா மையம் நாக்குப் புற்றுக்கு ஒரு வாரத்தில் 10 முறையாக 60 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கொடுத்துப் புற்றை நன்றாகக் கட்டுப்படுத்திக் காட்டியது. கட்டிக்குள்ளிருந்தே கதிர் வருவதால், வெளியே குறைவாகவே போகும். தாடைக்கும் நாக்குக்கும் நடுவே ஈயத்தகடு பதித்த தடுப்பு வைத்து எலும்பையும் காப்பாற்றலாம். சரியான கைகளில் இது மதிக்கத்தக்க சிகிச்சை. ஆனால் குழாய்கள் சீரற்றுப் போனால் நெருங்கிய இடத்தில் நாக்கு அழுகும், விலகிய இடத்தில் புற்று மிஞ்சும். பழகிய மருத்துவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கழுத்தை இது தொடுவதே இல்லை என்பதால் கழுத்துக்குத் தனியாக அறுவை எப்படியும் வேண்டும்.

மற்றொன்று வெளியிலிருந்து தரும் கதிர். முகக்கவசம் செய்து, கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் வீரியத்தை மாற்றும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் 66 முதல் 70 கிரே, நாளுக்கு 2 கிரே வீதம் வாரம் ஐந்து நாள், ஏறத்தாழ ஏழு வாரம். கழுத்துக்கு 50–54 கிரே. முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம் வாய் வெந்து வெள்ளைப் படலம் படரும். ஐந்தாம் வாரம் ரசம் சோறுகூட இறங்காது. இங்கேதான் சிகிச்சை உடைகிறது. வெளியூர்க்காரர், துணைக்கு ஆள் இல்லை, வலி தாங்கவில்லை, "ஒரு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று போய்விடுவார். இடைவெளியில் மிஞ்சிய புற்றுசெல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகும். விடும் ஒவ்வொரு நாளுக்கும் புற்று கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது என்பது கதிரியல் கணக்கு. காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், ஏழு வாரம் தங்குமிடமும் சாப்பாடும் எங்கே என்று முதல் நாளே கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டியது இதற்காகத்தான்.

பிறகு வருவது நாட்பட்ட சேதம். எச்சில் வற்றும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் சராசரி கதிரை 26 கிரேக்குக் கீழே வைத்தால் ஓரளவு திரும்பும். எச்சில் இல்லாத வாயில் பற்கள் ஈறோரத்தில் அரித்து உடையும். உடைந்த பல்லை விவரம் தெரியாமல் பிடுங்கினால், கதிர்பட்ட தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியத் தொடங்கும். அந்தப் பிரச்சினை பத்து வருடம் கழித்தும் வரலாம். அதனால் பாழான பற்களைக் கதிருக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். மீதிப் பற்களுக்கு ஃப்ளோரைடு ஜெல் தினமும், கடைசிவரை. வாய் இறுக்கத்துக்குப் பயிற்சியும் நிறுத்தாமல்.

எடுத்த முடிவும் வந்த அறிக்கையும்

மருத்துவக் குழு அறுவையையே முதலில் வைத்தது. உடைந்த கடைவாய்ப் பல்லும் பக்கத்துப் பாழ் பல்லும் அதே மயக்கத்தில் எடுக்கப்பட்டன. பின்னால் கதிர் தேவைப்பட்டாலும் அதற்குள் குழி ஆறிவிடும். இந்தச் சின்ன விஷயத்தை மறந்தால், தையல் பிரித்த பிறகு பல்லைப் பிடுங்கி, மறுபடி மூன்று வாரம் காத்திருந்து, கதிர் தொடங்கவேண்டிய நாள் தள்ளிப்போகும்.

அறிக்கை: கட்டி 22 மி.மீ., ஆழம் 6 மி.மீ., மிக நெருங்கிய விளிம்பு 6 மி.மீ. நரம்பைச் சுற்றிப் பரவல் இல்லை. கழுத்தில் எடுத்த 26 நெறிகளில் லெவல் 2-இல் ஒன்றில் 5 மி.மீ. அளவுக்குப் புற்று, உறை உடையவில்லை. கைக்கும் படவில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் தெரியவில்லை. இரண்டாம் நிலை என்று நினைத்தது உண்மையில் மூன்றாம் நிலை. மேலே சொன்ன மும்பை ஆய்விலும் முன்கூட்டியே கழுத்தை எடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு நெறியில் புற்று இருந்தது.

ஒரே நெறி, உறை உடையாதது, விளிம்பு சுத்தம் என்னும்போது பின்கதிர் கட்டாயமா என்பதில் மையத்துக்கு மையம் வேறுபாடு உண்டு. இவருக்கு 30 முறையாக 60 கிரே என்று முடிவாயிற்று, கீமோ இல்லாமல். விளிம்பில் புற்று மிஞ்சியிருந்தாலோ நெறியின் உறை உடைந்திருந்தாலோ 66 கிரேயும் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்தும் சேரும். கதிர் அறுவை நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும்.

மகன் மறுபடி கேட்டது: "கடைசியில கரண்டும் வைக்கத்தானே போறீங்க, அதை முதல்லயே செஞ்சிருக்கலாமே?"

முதலிலேயே செய்திருந்தால், 22 மி.மீ. கட்டி முழுதும் உயிரோடு இருக்க, அதைக் கதிர் மட்டும் கொல்ல வேண்டியிருந்திருக்கும். இப்போது கட்டி வெளியே வந்துவிட்டது, கதிருக்கு இருக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாத செல்கள் மட்டும். அதனால் 70-க்குப் பதில் 60 போதும், தாடைக்கு அந்த 10 கிரே வித்தியாசம் பெரிது. எந்த நெறியில் புற்று என்பது கையில் இருப்பதால் கதிரை எங்கே குவிப்பது என்பதும் தெரியும். அந்த 26 நெறிகளும் சுத்தமாக வந்திருந்தால் இவருக்குக் கதிரே தேவைப்பட்டிருக்காது. இரண்டாம் நிலை நோயாளிகளில் பலர் அப்படி அறுவையோடு முடித்துக்கொள்கிறார்கள். கதிர் தோற்று அறுவைக்கு வந்தால், கதிர்பட்ட திசுவில் விளிம்பு தெரியாது, புண் ஆறாது, தையல் பிரிந்து எச்சில் கழுத்து வழியே கசியும். அறுவை தோற்றால் கதிர் இன்னும் கையில் இருக்கும். பாக்கு மென்ற வாயில் இன்னொரு இடத்தில் புதிதாகப் புற்று வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. முழு அளவு கதிர் ஒருமுறை வாங்கிய இடத்தில் மறுமுறை வைப்பது ஆபத்தும் அரிதும்.

கதிரே சரியான முதல் தேர்வாகும் நோயாளிகளும் இருக்கிறார்கள். மயக்கம் தாங்காத இதயம், விவரம் முழுதும் புரிந்தும் அறுவை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்பவர், உதட்டோரத்தில் வெட்டினால் வாய் சுருங்கும் இடத்துப் புற்று, உள்வைப்புக் கதிரில் தேர்ந்த மையம் பக்கத்திலேயே இருப்பவர். அப்படித் தேர்ந்தால் அரைகுறை அளவில் நிறுத்தக்கூடாது. முழு அளவு, இடைவெளி இல்லாமல், கழுத்தையும் சேர்த்துத் தர வேண்டும். முடிந்து 12 வாரத்தில் பெட் ஸ்கேன். மிச்சம் தெரிந்தால் உடனே அறுவை, அதற்கு நோயாளி தாங்குவாரா என்பதை முதலிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இவருக்கான கண்காணிப்பு: முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் வரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. திரும்பி வரும் புற்றில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலேயே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் தழும்பை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. கழுத்தின் இரண்டு பக்கமும் தடவ வேண்டும், வாய் திறப்பை அளக்க வேண்டும். கழுத்துக்குக் கதிர் போனதால் தைராய்டு சோதனை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. புகையிலையும் பாக்கும் இரண்டும் நிற்க வேண்டும். புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் தொடர்பவர்கள் அதிகம், பாக்கு தனியாகவே வாய்ப்புற்றை உண்டாக்கும்.